பீரோவுக்குள் ஒரு பச்சை விளக்கு

மகளின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, இன்னொன்று மேலே செருகி, தும்மப் போகிறவள் தும்மாமலே நின்ற மாதிரி. பெரியவள் ஃபோனை ஜன்னல் பக்கம் நீட்டினாள். தலைக்கு மேல் தூக்கினாள். கட்டிலில் ஏறி நின்று பார்த்தாள். மகளின் மூக்கு நுனியில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "சிட்டு, கேக்குதாடி? அம்மா பேசறது கேக்குதா?" என்று அவள் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். மகளுக்கு மட்டும் கேட்கவில்லை. முகம் மறைந்து திரை கறுத்தபோது அதில் தெரிந்தது அவளுடைய சொந்த முகம்தான், முடி கலைந்து, கழுத்து நரம்பு புடைத்து.

அவள் கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கூடத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபோன் மணி அடித்தது. ஒரே அடியில் எடுத்துவிட்டாள் ஓரகத்தி சின்னவள். "சித்தீ!" என்று வந்தது மகளின் குரல். எங்கேயும் உடையாமல், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிறவள் குரல் மாதிரி. "என்ன சித்தி, முடிய வெட்டிட்டியா? எந்தக் கத்திரி, திரைச்சீலை வெட்டற கத்திரியா?" தொடர்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது பெரியவளின் வயிற்றில் நெருப்பு மாதிரி இறங்கியது.

அந்த வீட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவளுடைய வயிற்றெரிச்சலின் அளவு புரியும். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே வீடு. நடுக்கூடத்தைப் பலகைத் தடுப்பு ஒன்று இரண்டாகப் பிரித்தது. தடுப்பு கூரை வரை போகாது; காற்று வரட்டும் என்று மேலே ஒரு முழ இடைவெளி விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அண்ணனும் பெரியவளும். அந்தப் பக்கம் தம்பியும் சின்னவளும். தம்பி நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர், வீட்டில் இருந்ததை விட வண்டியில் இருந்ததுதான் அதிகம். இணைய இணைப்பு பெரியவள் வீட்டுக்காரர் பேரில்தான். இருவருக்கும் ஒன்றே போதும் என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்தது. கம்பி இழுக்க வந்தவன் அவசரத்தில் தடுப்பிலேயே ஒரு தட்டை அடித்து வைஃபை பெட்டியை உட்கார வைத்துவிட்டுப் போனான், பெரியவள் பக்கத்தில்தான். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில்தான் சின்னவளின் தையல் மேசை. முதுகும் முதுகுமாக.

இங்கேதான் பெரியவளுக்கு ஆறவில்லை. பெட்டி என் வீட்டில், இணைப்பு என் புருஷன் பேரில், பெற்றது நான், ஆனால் முகம் தெரிவது அவளுக்கு!

"அவ இழுக்கறா," என்றாள் வீட்டுக்காரரிடம்.

"எதை?"

"நெட்டைத்தான். நம்ம பக்கம் வர வேண்டியதையும் சேர்த்து இழுத்துக்கறா. இல்லன்னா ஒரு நேரம் நல்லா வருது, ஒரு நேரம் ஒரேயடியா நின்னு போகுது, அது எப்படி?"

அவர் செய்தித்தாளை மடித்தார். மடிப்பதை மடித்து, மூடுவதை மூடி, சாத்துவதைச் சாத்துவது அவர் சுபாவம். திறந்து கிடக்கும் எதையும் அவரால் பார்க்க முடியாது. "மோட்டார் போட்டு இழுக்கறாளா? சத்தமே வரலையே," என்றார்.

"நக்கலா இருக்கு உங்களுக்கு."

நக்கல் அடிக்கிற விஷயமா இது? மகள் கடல் தாண்டிப் போய்க் குடித்தனம் வைத்த இடத்தில் மாசமாக இருந்தாள். அங்கே அவர்களுக்கு இருந்தது ஒரே அறை, அதில் இன்னொருவருக்கு மட்டும் படுக்கை போடலாம். பிரசவத்துக்குத் துணையாக யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து, சனிக்கிழமை பேசும்போது சொல்கிறேன் என்று மகள் சொல்லியிருந்தாள். யோசித்து! பெற்ற தாயைக் கூப்பிடுவதற்கு யோசனை எதற்கு? அந்த ஒரு சொல் பெரியவளின் காலில் முள்ளாகத் தங்கிவிட்டது. நடக்கும்போதெல்லாம் குத்தியது.

யோசிப்பதற்குக் காரணம் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் குத்தல். பெரியவள் மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே துணி வெளுக்கும் கடையில் கல்லாவுக்கு அடுத்த மேசையில் நிற்கிறவள். வருகிற துணியை விரித்துக் கறை பார்த்துச் சீட்டுக் குத்துவது அவள் வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புவாள். அதுவரை குழந்தை சின்னவளிடம். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் கால் வலியோடு வந்து நின்றால், தையல் மேசைக்கு அடியில் துண்டுத் துணி மெத்தையில் சிட்டு உறங்கிக்கொண்டிருப்பாள், சின்னவளின் புடவைத் தலைப்பைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும். எடுத்தால் அழும். "விடுங்க அக்கா, தூங்கட்டும், அப்புறமா கொண்டாந்து விடறேன்," என்பாள் சின்னவள். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. கெட்டதற்குச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதனால்தான் மகளிடம் பேசும்போதெல்லாம் அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தான் பேசுவதில் ஒரு சொல் தடுப்பைத் தாண்டிச் சின்னவள் காதில் விழக் கூடாது. பின்னறை பழைய காலத்துச் செங்கல் சுவர், யானை முட்டினாலும் அசையாது. அந்தச் சுவரைத் தாண்டிச் சிக்னலும் வர வேண்டுமே என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் நினைத்தது வேறு. மறுநாள் கடையில் யாரோ ஒருவரின் கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, இரும்பு மின்தூக்கிக்குள் போனதும் ஃபோன் செத்துப்போகிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் சலித்துக்கொண்டார். பெரியவளின் கை பைக்குள்ளேயே நின்றது.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "இந்த பீரோவைத் தடுப்போரம் நகர்த்தணும். அந்த மூலையில ஈரம் ஏறுது."

"நேத்து வரைக்கும் ஏறலையே."

"இன்னைக்கு ஏறுது. பிடிங்க."

இரும்பு பீரோ தரையைக் கீறிக்கொண்டே நகர்ந்தது. அந்தக் கிறீச்சொலிக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. பீரோவின் முதுகு சின்னவளைப் பார்த்து, கதவு தன்னைப் பார்த்து. தட்டிலிருந்து பெட்டியைக் கழற்றிப் போர்வைகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவே வைத்து, பின்பக்கம் துருப்பிடித்து விழுந்திருந்த ஓட்டை வழியாகக் கம்பிகளை நுழைத்தாள். பல்லி சூட்டுக்குப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் என்று வீட்டுக்காரருக்கு ஒரு காரணம் சொன்னாள். கதவைத் திறந்து வைத்தாள். இருட்டுக்குள்ளே சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்தைச் சூட்டுக்குக் காட்டுகிறவள் மாதிரி ஃபோனை அதற்கு நேராக நீட்டினாள். பாட்டு ஒன்று தடையில்லாமல் ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து, "என்னடா இது, திடீர்னு இப்படி ஆயிடுச்சு," என்று சின்னவளின் முணுமுணுப்பு கேட்டது.

பெரியவளுக்கு அன்று சாப்பாடு இனித்தது.

ஆனால் அந்த இனிப்பு நிலைக்கவில்லை. மறுநாள் காலையில் நன்றாக வந்தது, சாயங்காலம் படுத்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் வருவதும் போவதுமாக இருந்தது. சின்னவள் ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று பெரியவள் உறுதியாக நம்பினாள். தடுப்பில் ஓட்டை போட்டாளோ என்று குனிந்துகூடப் பார்த்தாள். வீட்டுக்காரரும் கூடத்தில் உட்கார்ந்து கேரம் ஆட்டம் பார்த்துக்கொண்டே ஃபோனைத் தொடையில் தட்டினார். "இந்த நெட்டுக்கு என்ன கேடு வந்துச்சு? காய் குழிக்குள்ள விழறப்பவா நிக்கணும்?" என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வரும் வழியில், கண்ணை ஃபோனிலிருந்து எடுக்காமலேயே, முழங்கையால் பீரோக் கதவைச் சாத்தினார்.

பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"நீங்கதானா?"

"எது?"

"கதவு! அந்தக் கதவைச் சாத்தாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?"

"நான் எங்கடி சாத்தினேன்?" என்றார் அவர், கை இன்னும் கதவின் மேலேயே இருக்க.

அன்றிலிருந்து கதவு கைப்பிடியில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியோடு பிணைத்தாள். தெருவிலிருந்து யாராவது பார்த்தால் பீரோ ஓடிப்போய்விடும் என்று கட்டி வைத்திருப்பதாக நினைப்பார்கள்.

நடுவே ஒரு நாள் சின்னவள் வந்து வாசலில் நின்றாள். வெட்டிய முடி காதோரம் துருத்திக்கொண்டிருந்தது. கையில் ஃபோன், விரலில் நூல் சுற்றியிருந்தது. "அக்கா, உங்க பக்கம் நெட்டு வருதா? எனக்குச் சுத்தமா இல்ல. சிட்டு கூப்பிட்டா கட் ஆயிட்டே போகுது."

"எனக்கும் விட்டு விட்டுத்தான் வருது," என்றாள் பெரியவள். கதவை முழுதாகத் திறக்காமல் உடம்பால் மறைத்துக்கொண்டு சொன்னாள். வீட்டுக்காரர் புண்ணியத்தில் அது பாதி உண்மைதான்.

"ஐயோ, அப்ப சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணியாகணுமே! அன்னிக்கு அவ பேசணும்னு சொல்லியிருக்கா இல்ல? நான் புகார் சொல்லி ஆளை வரச் சொல்றேன், நீங்க கடைக்குப் போங்க, கவலைப்படாதீங்க."

சனிக்கிழமை பற்றி இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இவளிடமும் சொல்லியிருக்கிறாள். பெரியவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். பெரியவள் நாற்காலியை இன்னும் பீரோவுக்கு நெருக்கமாகப் போட்டாள். மகளின் முகம் வந்தது. இத்தனை தெளிவாக அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று! கன்னம் உப்பியிருந்தது. மேலுதட்டில் வியர்வை. பின்னால் கொடியில் காய்கிற சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

"என்ன சாப்பிட்ட? எப்ப சாப்பிட்ட?"

"மதியம்."

"வாந்தி வருதா? எத்தனை தரம்? அந்தச் சட்டையில என்ன கறை? தண்ணி போட்டியா?"

"அம்மா, நான் என்ன சலவைக்கு வந்த துணியா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் சுற்றவில்லை. முகம் நிற்கவில்லை. மகள் கண்ணிமைப்பது தெரிந்தது, மூச்சு விடுவது தெரிந்தது. பேசத்தான் எதுவும் இல்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் இணைப்பு அறுந்துபோகும். அறுந்ததும் அதைத் திட்டிக்கொண்டே மனம் ஆறும். இன்றைக்கு இணைப்பும் அறுந்துபோகாமல் பேச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தது. சின்னவள் இவளிடம் என்னதான் பேசுவாள் என்று பெரியவள் யோசித்துப் பார்த்தாள். தடுப்பு வழியாகக் காதில் விழுந்ததெல்லாம் வெட்டிப்பேச்சுதான். தீய்ந்த வாணலியைக் காட்டுவாள், ஜன்னலில் வந்து உட்கார்ந்த பூனையைக் காட்டுவாள், தப்பாகத் தைத்த திரைச்சீலையைக் காட்டித் தன்னையே திட்டிக்கொள்வாள். ஒரு கேள்வி கேட்க மாட்டாள்.

"சித்தி நல்லா இருக்காளா?" என்றாள் மகள். "கிடைக்கவே மாட்டேங்கறா. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா."

"அவகிட்ட ஃபோனக் குடேன், ஒரு நிமிஷம்."

"அவ வெளிய போயிருக்காடி."

சொல்லி வாயை மூடவில்லை, தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. நீளமான ஒரு ஓரத்தை முழுதாக அடித்து முடித்துவிட்டுத்தான் நின்றது.

மகள் தலையைச் சாய்த்தாள். "மெஷின் சத்தம் கேக்குதேம்மா."

இணைப்பு அத்தனை நன்றாக இருந்தது.

பெரியவள் ஃபோனைப் பார்த்தாள், பச்சை விளக்கைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் மட்டும் திரை நின்றுபோகாதா, வட்டம் வந்து சுற்றாதா என்று மனசு கெஞ்சியது. "சரிம்மா. நாளைக்குப் பேசறேன்," என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பகல் பொழுதில், தலைக்கவசத்தோடும் மடக்கு ஏணியோடும் ஒரு பெண் வந்து இறங்கினாள். சின்னவள் முன்னால் வந்து வழி காட்டினாள். "உள்ள வாம்மா, அக்கா வீட்டுலதான் பெட்டி இருக்கு." பெரியவள் மறிப்பதற்குள் இருவரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

லைன்காரப் பெண் தடுப்பில் வெறுமையாக இருந்த தட்டைப் பார்த்தாள். கம்பி போன வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய், கயிறு கட்டிய பீரோவுக்கு முன்னால் நின்றாள். போர்வைகளுக்கு நடுவே பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

"குளிருதா இதுக்கு?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். "பல்லிக்காக வெச்சதும்மா. பல்லி உள்ள போயிடுது."

"போனா போயிட்டுப் போகுது சார், பல்லி ஒண்ணும் படம் பாக்காது." அவள் பெட்டியை வெளியே எடுத்துத் தூசி தட்டினாள். "இரும்புக்குள்ள வெச்சா அலை எங்க போகும்? முன்னாடி உக்காந்தா வரும், கொஞ்சம் தள்ளினா போயிடும், கதவச் சாத்தினா அதுவும் இல்ல. இதுக்கு முன்னாடி எங்க உக்காந்து பேசுவீங்க?"

"பின்னறையில," என்றார் வீட்டுக்காரர். "கதவச் சாத்திக்கிட்டு."

"அந்தச் சுவரைத் தாண்டியா?" அவள் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பெட்டியை விட்டு எவ்வளவுக்கு எவ்வளவு ஒளிஞ்சுக்கறீங்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு குறையும்."

பெரியவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். சொல்லட்டும். கத்தட்டும். இத்தனை வருஷமாகப் போடாத சண்டையை இன்றைக்குப் போடட்டும். சின்னவளோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீரோ நகர்ந்த வழியெல்லாம் சிமெண்டில் வெள்ளை வெள்ளையாக வளைந்த கீறல்கள், பழைய மூலையிலிருந்து தடுப்பு வரைக்கும். அவள் கால் கட்டைவிரலால் ஒரு கீறலைத் தடவினாள்.

"நல்ல கனமாச்சே அக்கா," என்றாள். "என்னையும் கூப்பிட்டிருந்தா வந்து ஒரு பக்கம் பிடிச்சிருப்பேனே."

அது குத்தலா, அன்பா? பெரியவள் சட்டென்று தலைநிமிர்ந்து அந்த முகத்தில் தேடினாள். கறையைப் பார்த்ததும் எண்ணெயா, மையா, ரத்தமா என்று சொல்லிவிடுகிற கண்தான். இந்த முகத்தில் அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பீரோவைத் திரும்ப மூலைக்குத் தள்ளியபோது சின்னவள் ஒரு பக்கம் பிடித்தாள். லைன்காரப் பெண் ஏணியில் ஏறித் தடுப்பின் உச்சியில், கூரைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த அந்த ஒரு முழ இடைவெளியில், பெட்டியை உட்கார வைத்தாள். "இனி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆனா சாயங்காலத்துல கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும், சொல்லிட்டேன். தெருவே அப்பத்தான் உக்காந்து பாக்கும். அதுக்கு என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல." ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பெரியவள் பின்னறைக்குப் போகவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்தாள். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வாசல் கதவைச் சாத்திவிட்டு, திறந்திருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, சாத்துவதற்கு வேறொன்றும் இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மெஷின் ஓடவில்லை. அங்கேயும் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பது பலகை வழியாகத் தெரிந்தது. தலைக்கு மேலே பச்சை விளக்கு இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. அந்தப் பக்கம்.

பெரியவளின் மடியிலிருந்த ஃபோன் சத்தமில்லாமல் கிடந்தது. நெஞ்சுக்குள் பழைய நெருப்பு எழும்பியது. கேட்டுக்கொண்டே இருந்தாள். மணி நிற்கவில்லை. எப்போதும் ஒரே அடியில் எடுத்துவிடுகிறவள், எடுக்கவில்லை. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்தபோது பெரியவளுக்கு அது ஒரு அறை வாங்கின மாதிரி இருந்தது.

"எடேன்டி!" என்றாள், தடுப்பைப் பார்த்து. குரல் உடைந்து வந்தது. "பிள்ள எவ்வளவு நேரம் அடிச்சுக்கிட்டே இருப்பா?"

மணி நின்றது. அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. முக்காலி இழுபடும் சத்தம். பிறகு தடுப்பின் உச்சியில், பச்சை விளக்குக்குப் பக்கத்தில், நூல் சுற்றிய விரல்கள் தெரிந்தன. அவற்றில் ஃபோன். கூரையைக் காட்டி, காற்றாடியைக் காட்டி, கொஞ்சம் சாய்ந்து, மகளின் முகம் மேலேயிருந்து இந்தப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தது.

"அம்மா? எங்கம்மா இருக்க? எனக்கு உன் உச்சந்தலைதான் தெரியுது."

பெரியவள் நாற்காலியில் ஏறினாள். வீட்டுக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கையை நீட்டி ஃபோனை வாங்கினாள். வாங்கும்போது அந்த விரல்கள் ஒரு கணம் விடவில்லை, பிறகு விட்டன. மகளின் முகம் லேசாகத் தயங்கியது, உதடு ஒரு பக்கம் இழுபட்டது, மறுபடி அசைந்தது. சாயங்காலம் அல்லவா, தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது.

சாப்பிட்டியா, யாரைக் கூப்பிடப் போகிற என்ற கேள்விகள் வாய் வரை வந்துவிட்டன. மூடிக்கொண்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் ஃபோனைத் திருப்பித் தரையைக் காட்டினாள். மூலையிலிருந்து தடுப்பு வரை வளைந்து வளைந்து வந்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்த வெள்ளைக் கீறல்களை, விரலால் தொடுகிற மாதிரி மெல்ல நகர்த்தி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனாள்.

"என்னம்மா இது?" என்றது குரல்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முக்காலியிலிருந்து சின்னவள் இன்னும் இறங்கவில்லை. பலகையின் விளிம்பில் அவள் விரல்கள் அப்படியே இருந்தன, நூல் சுற்றியபடி.